சமைத்தவரும் உடன் உண்க

உண்ணும் பொருள் இன்னது என்பதைப் பற்றி நம்மவர் பேசும் அளவிற்கு, உண்ணும் வேளையில் யார் அமர்ந்திருக்கின்றனர், யார் நிற்கின்றனர் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. எது சூடு, எது குளிர்ச்சி, எது பித்தம், எது வாயு என்று நெடுநேரம் வழக்காடுவோம். அவ்வழக்கு நடக்கும் கூடத்திற்கு அப்பால், அடுப்பின் முன் ஒருவர் நின்றுகொண்டே இருக்கின்றார். அவர் இன்னும் உண்ணவில்லை என்பது நம் நினைவிற்கு வருவதில்லை. அவர் தாயாகவேனும், தமக்கையாகவேனும், மனைவியாகவேனும் இருப்பர். சமைத்தவர் கடைசியில் உண்பார் என்பது ஏட்டில் எழுதாத சட்டமாக நம் இல்லங்கள் பலவற்றில் நிலைபெற்றுவிட்டது. அச்சட்டத்தைத் தளர்த்துவதற்கு எளிய உணவு ஒன்று துணைசெய்யும் என்பதே இக்கட்டுரையில் யாம் கூறப் புகும் கருத்து.

அவ்வுணவு மேனாட்டார் கேசரோல் என வழங்குவது. பிரெஞ்சு மொழியில் அச்சொல் கைப்பிடியுடைய சமையற்கலத்தைக் குறிக்கும். ஆங்கிலத்திலோ கலத்திற்கும், அக்கலத்தில் வெந்த உணவிற்கும் அதுவே பெயராயிற்று. இலக்கணம் பயின்ற நம் மாணவர் இதனை ஆகுபெயர் என்று எளிதில் அறிவர். நம் நாட்டிற்கு வந்தபின், சப்பாத்தியும் இட்டிலியும் ஆறாமற் காக்கும் மூடுபெட்டிக்கும் அப்பெயர் சென்று சேர்ந்தது. யாம் ஈண்டுக் குறிப்பது அப்பெட்டியை அன்று. தானியமும் காய்கறியும் பாலும் பாலாடைக்கட்டி எனப்படும் சீஸும் ஒரு தட்டத்தில் ஒன்றுகூடி, நாற்புறமும் மூடிய ஓவன் என்னும் அடுப்பில் வெந்து, மேலே பொன்னிறம் பெற்று வரும் உணவையே குறிக்கின்றோம். புலால் கலவாமலே இது நிறைவுடைய உணவாகும்.

இவ்வுணவின் சிறப்பு யாது? சுவையென்று சிலர் கூறுவர், அதுவும் உண்மையே. ஆயினும் அதனினும் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. நம் தோசையையும் சப்பாத்தியையும் நோக்குக. அவை கல்லினின்றும் எடுத்த கணத்திலே உண்ணத்தக்கவை. ஆறினால் சுவை குன்றும். ஆதலின் உண்பவர் ஐவராயின், சுடுபவர் அவ்வைவர்க்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டுக்கொண்டே நிற்றல் வேண்டும். அவர்கள் கை கழுவிய பின்னரே இவர் உண்ண அமர்வார். அப்பொழுது மாவும் குறைந்திருக்கும், சட்டினியும் வற்றியிருக்கும், பேச்சும் கலைந்திருக்கும். கேசரோலின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. அதற்குரிய உழைப்பெல்லாம் உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரே முடிந்துவிடும். தட்டத்தை அடுப்பினுள் வைத்தபின் அரைமணி நேரம் அதனருகே ஒருவரும் நிற்கவேண்டுவதில்லை. வெளியே எடுத்தபின்னும் பத்து நிமிடம் ஆறவிடுதலே நலம். பிறகு தட்டம் நடுவில் வரும்; யாவரும் அதனைச் சுற்றி அமர்வர்; சமைத்தவரும் அமர்வர். எல்லோர்க்கும் ஒரே சூடு, ஒரே பங்கு, ஒரே நேரம்.

இதனைச் சிறிய செய்தி என்று தள்ளுவார் உளர். அவர்கள் 2019-ஆம் ஆண்டில் இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப்பயன்பாட்டு ஆய்வை நோக்குவாராக. மக்கள் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட மகளிர் அதற்குச் செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபட்ட ஆடவர் செலவிட்டது 97 நிமிடம். அதிலும், மகளிருள் நூற்றுக்கு எண்பத்தொருவர் அவ்வேலையில் ஈடுபட, ஆடவருள் நூற்றுக்கு இருபத்தறுவரே ஈடுபட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது ஒரு கல்லூரி நாளின் பாடவேளை முழுவதற்கும் ஒப்பாகும். நாம் வகுப்பில் அமர்ந்து கற்கும் அத்தனை நேரமும் ஒருவர் நமக்காக வீட்டில் நின்று உழைக்கின்றார் என்றால், அந்நேரத்தைக் குறைக்கும் வழி எதுவாயினும் அது சிறியதாகுமோ?

உடனமர்ந்து உண்ணுதல் நம் நாட்டிற் பெரும்போர் விளைத்த பொருளுமாகும். சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் அந்தண மாணாக்கர் சிலர்க்குத் தனியே உணவு இட்டமை பற்றி 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே அசைத்தது. ஒரு பள்ளியின் பந்தியில் யார் யாருடன் அமர்வது என்னும் வினா, ஒரு நாட்டு மக்கள் தம்மை ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்னும் வினாவாக விரிந்தது. சாதியால் பிரிந்த பந்தியைக் கண்டு சினந்த நாம், அடுப்பால் பிரிந்த பந்தியைக் கண்டு ஏன் வாளாவிருக்கின்றோம்? கல்லூரியிலும் கல்யாணத்திலும் சமபந்தி பேசும் நாவு, வீட்டிற்குச் சென்றதும் ‘இன்னொரு தோசை’ என்று மட்டும் கூறுவது முறையாகுமோ?

நிற்க. கருத்தை மட்டும் கூறிச் செய்முறையைக் கூறாது விடுதல், பசித்தவனுக்குப் பந்தியின் பெருமையை உரைப்பது போலாகும். ஆதலின் ஐவர் உண்ணும் அளவிற்குரிய முறையை ஈண்டுக் கூறுவாம்.

தானியத்திற்குச் சாமையைக் கொள்க; தினையும் வரகும் பழைய அரிசிச் சோறும்கூட ஏற்கும். சாமை 200 கிராம் எடுத்து நன்கு களைந்து, அரை லிட்டர் நீரில் சிறிது உப்பிட்டு, பருக்கை பருக்கையாக வேகவைத்து இறக்குக. கேரட்டு, பீன்ஸ், பட்டாணி, குடைமிளகாய் ஆகியவை எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவு நறுக்கி, வெங்காயம் இரண்டுடன் சிறிது எண்ணெயில் அரைவேக்காடாக வதக்குக. காய் ஒன்று குறைந்தால் குற்றமில்லை. கையில் உள்ளது போதும்.

இனி வெள்ளைச் சாறு செய்தல் வேண்டும். அடிகனத்த பாத்திரத்தில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே எடையுள்ள கோதுமை மாவை அதில் இட்டுச் சிறுதீயில் இரண்டு நிமிடம் வறுக்க. மாவின் பச்சை மணம் நீங்கியதும் அரை லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கட்டி விழாமல் கிளறிக்கொண்டே இருக்க. கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்தவுடன் இறக்கி, மிளகுப்பொடியும் மிகக் குறைந்த உப்பும் சேர்க்க. சீஸிலேயே உப்பு மிகுதி என்பதை மறவற்க. கொணர்ந்த சீஸ் 150 கிராமைத் துருவி, அதில் பாதியை இச்சாற்றிற் கலக்குக.

வெந்த சாமை, வதக்கிய காய், வெள்ளைச் சாறு மூன்றையும் ஒன்றாகக் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டத்தில் நிரப்பி, எஞ்சிய சீஸை மேலே தூவுக. ரொட்டித் தூள் ஒரு கைப்பிடி தூவினால் மேற்புறம் மொறுமொறுப்பாகும். முன்னரே 180 பாகை செல்சியஸ் அளவிற்குச் சூடேற்றிய ஓவனில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வைக்க. ஓரங்களிற் கொதி எழுந்து, மேற்புறம் பொன்னிறம் பெறுதலே பதம். இவ்வளவே வேலை. சோறு வடிக்கத் தெரிந்தவர், பால் காய்ச்சத் தெரிந்தவர், காய் நறுக்கத் தெரிந்தவர் யாவரும் இதனைச் செய்யலாம்.

விஞ்ஞான மாணவர்க்கும் இத்தட்டத்தில் பாடம் உண்டு. சாறு கெட்டியாவது ஏன்? மாவிலுள்ள ஸ்டார்ச்சுத் துகள்கள் வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருப்பதால். வெண்ணெயில் மாவை முன்னரே வறுப்பது ஏன்? கொழுப்பு ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பூசி நிற்பதால், பால் சேரும்போது அவை ஒட்டிக் கட்டியாவதில்லை. மேற்புறம் பொன்னிறமாவது ஏன்? புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிவதால். 1912-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் மெய்யார் என்பவரின் பெயரால் அவ்வினை இன்றும் வழங்குகிறது. தோசையின் முறுகலும் அதே வினையின் பயனே. இன்னும் ஒன்று: தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பாலின் புரதத்தில் அது மிகுதி. ஆதலின் சாமையும் சீஸும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. நம் முன்னோர் தயிர்ச்சோற்றில் கண்ட பொருத்தமும் இதுவே.

இனி, மறுத்துக் கூறுவாரின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். சீஸ் உண்மையில் மரக்கறி உணவாகுமோ என்பது முதல் வினா. இது வீண் வினா அன்று. பாலைத் திரைக்கும் ரென்னெட்டு என்னும் பொருளை மேனாட்டார் பண்டு தொட்டுப் பால்குடி மறவாத கன்றின் இரைப்பையினின்றும் எடுத்து வந்தனர். இத்தாலி நாட்டில் செய்யப்படும் பர்மிஜியானோ ரெஜியானோ என்னும் புகழ்பெற்ற சீஸ் இன்றும் விதிப்படி கன்றின் ரென்னெட்டாலேயே செய்யப்பெறுகிறது. புலால் விலக்குவோர்க்கு அது ஏலாது. ஆனால் நுண்ணுயிர்களைக் கொண்டு அத்திரைபொருளை ஆக்கும் முறைகள் இப்பொழுது பரவியுள்ளன. அவ்வாறு ஆக்கிய கைமோசின் என்னும் நொதிக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் 1990-இல் இசைவு அளித்தது. நம் நாட்டில் விற்கும் சீஸின் உறையில் பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டக் குறி இருக்கின்றதா என்று நோக்கி வாங்குவோர்க்கு ஐயம் இல்லை. உறையைப் படித்து வாங்குதலும் கல்வியின் பயனேயாம்.

இது அயல்நாட்டு உணவு, நமக்கு எதற்கு என்பது இரண்டாவது கூற்று. அங்ஙனமாயின் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் எந்நாட்டவை? அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக நம் கரை சேர்ந்தவை அல்லவோ? மிளகாயின்றிச் சாம்பார் வைக்கும் துணிவு நம்முள் எவர்க்கு உண்டு? இனி, இவ்வுணவின் உயிராகிய சாமையோ நம் புன்செய் நிலத்தின் பழம்பயிர். இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆண்டு முடிந்தது, அறிவிப்பும் மறைந்தது, சாமை நம் அடுப்பிற்கு வந்து சேர்ந்ததா என்பதே வினா. கூழாகவும் கஞ்சியாகவும் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகள், சீஸின் அடியில் அதனைக் கண்டால் தட்டத்தைச் சுரண்டி உண்பர். பழையது ஒன்றைப் புதியது ஒன்று மீட்டுத் தருமாயின், அதனை அயலது என்று ஒதுக்குதல் அறிவுடைமை அன்று.

மூன்றாவது கூற்று, எல்லார் வீட்டிலும் ஓவன் இல்லை என்பது. இது நேரிய கூற்று. ஆயினும் வழி உண்டு. அடிகனத்த பெரிய பாத்திரத்தில் மணலையேனும் கல்லுப்பையேனும் பரப்பி, அதன்மேல் சிறு முக்காலி வைத்து, பத்து நிமிடம் மூடிச் சூடேற்றி, தட்டத்தை உள்ளே வைத்து மூடிச் சிறுதீயில் விட்டால் உணவு நன்கு வேகும். பண்டு கேக்குச் செய்தோர் மூடியின்மேலும் தணல் இட்டனர். அதனால் மேற்புறமும் சிவந்தது. வாயு அடுப்பில் அந்நிறம் வராது என்பது உண்மை. நிறம் குறையுமேயன்றிச் சுவை பெரிதும் குறையாது.

நான்காவது, செலவு. சீஸின் விலை எல்லார்க்கும் எளிதன்று. அவ்வாறாயின் சீஸை 50 கிராமாகக் குறைத்து மேலே மட்டும் தூவி, உள்ளே பன்னீரை உதிர்த்துக் கலக்குக. எலுமிச்சஞ்சாறு விட்டுத் திரைத்த பாலினின்றும் பன்னீரை வீட்டிலேயே எடுக்கலாம். பன்னீர் வெப்பத்தில் உருகாது. ஆதலின் மேலே தூவுதற்கு அது உதவாது. உள்ளே நிற்கத் தடையில்லை. அன்றியும் இதனை நாள்தோறும் செய்க என்று யாம் கூறவில்லை. உப்பும் கொழுப்பும் உடைய பொருளை அளவறிந்து உண்ணல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு போதும்.

ஐந்தாவது கூற்றே வலிமையுடையது. ஒரே கலத்தில் ஆக்கி யாவரும் உடன் உண்ணும் உணவு நம்மிடம் இல்லையா? திருநெல்வேலிச் சீமையின் கூட்டாஞ்சோறு இல்லையா? புளிச்சோறு இல்லையா? என்பர். உண்டு, மறுப்பார் யார்? அரிசியும் பருப்பும் காயும் கீரையும் ஒன்றாய் வேகும் கூட்டாஞ்சோறு, கேசரோலுக்கு மூத்த உறவு என்றே கூறலாம். அதனை ஆக்குவோர் ஆக்குக. எம் வேண்டுகோள் ஒரு தட்டத்திற்காக அன்று, ஒரு முறைக்காக. எனினும் அப்பம் முதல் அடைவரை கல்லில் சுடுபவற்றையே இரவு உணவாகக் கொண்டுவிட்ட வீடுகளுக்கு ஒரு மாற்றம் தேவை. கைப்பக்குவம் அறியாத புதியவர்க்கும் பிழைபடாத உணவு தேவை. கூட்டாஞ்சோற்றின் பதம் கைப்பழக்கத்தால் வருவது. கேசரோலின் பதத்தைக் கடிகாரமும் கண்ணும் காட்டிக் கொடுக்கும். தொடங்குவோர்க்கு இது நன்று என்பதே எம் கருத்து.

அமெரிக்க நாட்டில் இவ்வுணவிற்கு மற்றொரு பயனும் உண்டு. திருச்சபையார் கூடி உண்ணும் நாளில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தட்டத்தைக் கொணர்வர். மின்னசோட்டா முதலிய வடபகுதிகளில் இதனை ‘ஹாட்டிஷ்’ என்று அழைப்பர். ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால், அயலார் மூடிய தட்டத்தோடு வந்து வாயிலில் நிற்பர். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினர் உணவு கொணரும் வழக்கம் நமக்கும் உரியதன்றோ? கடல் கடந்த இரு நாட்டார் ஒரு நெறியில் ஒன்றுபடக் காண்கின்றோம்: அழுகின்றவரை அடுப்பின்முன் நிறுத்தலாகாது என்பதே அந்நெறி. அழுகின்றவர்க்குத் தரும் அவ்விடுதலையை, உழைத்துக் களைத்தவர்க்கு வாரத்தில் ஒரு நாளேனும் தந்தால் என்ன?

இனி மாணவ நண்பர்களுக்குச் சிறப்பாக ஒன்று கூற விரும்புகின்றோம். விடுதியின் மணி அடித்ததும் தட்டேந்திச் சென்று உண்ட பழக்கம், பட்டம் பெற்ற நாளோடு முடிந்துபோம். பிறகு அயலூரில் ஓர் அறை. அங்கே கைப்பேசியைத் தட்டினால் பொட்டலமாக வந்து சேரும் உணவு. சில ஆண்டுகளில் திருமணம். அதன்பின் வேறொருவர் கையை எதிர்பார்த்தல். இவ்வாறு விடுதிச் சமையற்காரர் கையினின்றும் கடைக்காரர் கைக்கும், கடைக்காரர் கையினின்றும் மனைவியின் கைக்கும் மாறிச் செல்லுபவன், ஆயிரம் நூல் கற்றும் தன் பசியைத் தான் ஆற்ற அறியாதவனே ஆவான். கால்குலஸ் கணக்கை விடுவிக்கும் அறிவிற்கு வெள்ளைச் சாறு கட்டிவிழாமல் கிளறுதல் அரிதாகுமோ? மாணவியர்க்கும் ஒரு சொல்: இவ்வுணவை நீங்களே செய்து உடன்பிறந்தாரை உண்பித்து மகிழ்ந்துவிடாதீர்கள், அடுத்த வாரம் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய மாணவர்களாகிய பெரியோர்களே! உங்கள் இல்லங்களில் இதனைத் தொடங்குதல் இன்னும் எளிது. ஞாயிறு மாலையில் தந்தை காய் நறுக்குக. மகன் பால் ஊற்றிக் கிளறுக. மகள் சீஸ் துருவுக. இத்தனை ஆண்டுகள் நின்ற தாய் அன்று அமர்க. முதல் நாள் உப்பு மிகலாம், ஓரம் கருகலாம். அதனைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே உண்ணலாம்; உண்பதற்கு யாவரும் உடன் இருப்பர் அல்லவோ? ஒரு தட்டம் உணவால் உலகம் திருந்திவிடும் என்று யாம் கூறவில்லை. 299 நிமிடம் ஒரு நாளில் 97 ஆகாது. ஆயினும் சமைத்தவருடைய தட்டும் மற்றவர் தட்டோடு ஒரே வேளையில் நிரம்பிய வீட்டில் வளரும் பிள்ளை, பின்னாளில் எந்தப் பந்தியில் அமர்ந்தாலும், அங்கே நிற்பவர் யார் என்று திரும்பி நோக்கும். அந்நோக்கு உண்டாகுமாயின் அதுவே போதும்.